முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால் குற்றம் யாருடையது?

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பிரசவ வலி கண்ட ஒரு சகோதரியை நள்ளிரவில் ஏற்றிச் சென்ற நம் தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர், செம்மண் சேற்றில் புதைந்து நின்றது. பின் சக்கரம் சுழன்றது. முன் சக்கரம் அசையவில்லை. லயத்து ஆட்கள் அவரை நாற்காலியில் வைத்துப் பெரிய சாலைக்குத் தூக்கிச் சென்றார்கள். தாயும் பிள்ளையும் நலம். மறு வாரம் டிரைவருக்குக் கடிதம் வந்தது: "வண்டி நல்ல நிலையில் இருந்தது. உன் கவனக்குறைவே காரணம்."

தோழர்களே, அந்த வண்டி சீரிஸ் 3 ரகம். 1985-ஆம் ஆண்டோடு அந்த ரகம் செய்வது நின்றுவிட்டது. நாற்பது வயது வண்டியை ஓட்டுகிறவன் அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டும்.

அதில் மஞ்சள் குமிழை அழுத்தினால் நாலு சக்கர இழுப்பு வரும். அழுத்தியவுடன் வராமலும் இருக்கலாம். உள்ளே பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் கோத்துக்கொள்ளும். ஆகவே வண்டியை மெதுவாகச் சில அடி நகர்த்துங்கள். அப்படியும் வராவிட்டால் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, சிவப்புத் தலைக் கம்பியைப் பின்னே இழுங்கள். அதிலும் முன் சக்கரத்துக்கு இழுப்பு உண்டு. சிவப்பில் இழுத்து மஞ்சளில் இழுக்காவிட்டால், கோளாறு மஞ்சள் குமிழின் கம்பியிலோ சுருள் வில்லிலோ இருக்கும். சேறும் துருவும் ஏறி இறுகியிருக்கும். துடைத்து எண்ணெய் விடுங்கள்.

இரண்டிலும் இழுக்காவிட்டால் சக்கரத்தின் நடுவே பாருங்கள். சில வண்டிகளில் அங்கே பூட்டித் திறக்கும் ஹப் இருக்கும். இரண்டு பக்கமும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் மறு பக்கத்துக்கும் பலம் போகாது.

இன்னும் ஒரு சோதனை. சமதரையில் எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நாலு சக்கர இழுப்பைப் போட்டு, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் இணைப்பு சரி. சக்கரத்தோடு அடியிலுள்ள முன் ஷாப்டும் சுற்றினால் கோளாறு டிரான்ஸ்பர் பாக்ஸில். சக்கரம் சுற்றி, ஷாப்ட் நின்றால் கோளாறு ஹப்பிலோ முன் ஆக்ஸிலிலோ. வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

இதைத்தான் நாங்கள் செய்தோம். சக்கரம் சுற்றியது, ஷாப்ட் அசையவில்லை. பிரேக் வேலை பார்த்த பட்டறையில் வலது ஹப்பைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள்.

பிறகு வண்டிப் புத்தகத்தைப் புரட்டினோம். "முன் சக்கரம் இழுக்கவில்லை" என்று டிரைவர் இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டுக்கும் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. தோழர்களே, அது என்னுடைய கையெழுத்து. படிக்காமல் போட்டேன். மேலே அனுப்பவில்லை. இதை இந்த மேடையில் சொல்லாமல் நான் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, என் தவறையும் எழுதி, சங்கத்தின் மூலம் கொடுத்தோம். கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

டிரைவர் தோழர்களே, வாய்ச்சொல்லாக விடாதீர்கள். தேதி போட்டு எழுதுங்கள். கிராணித் தோழர்களே, படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பட்டறையிலிருந்து வந்த வண்டியைச் சேற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் அந்த வண்டியில் போவது நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம்.