தேயிலைத் தூரும் இங்கிலீஷ் கவிதையும்

(வால்பாறையில் தோட்டத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலீஷ் கவிதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். கூலியும் போனஸும் பேச வேண்டிய இடத்தில், சிறுத்தைக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்கிற ஊரில், கவிதை எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததைத்தான் சொல்கிறேன்.

இந்த மலைக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது? 1890களில் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வெள்ளைத் துரைகளோடு வந்தது. மலை ஏறி வருகிற வழியில் காவர்கல் பக்கம் கார்வர் மார்ஷ் துரையின் சிலை நிற்கிறது. நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் துரை கையைக் காட்டினார். மரத்தை வெட்டியவர்கள் யார்? அட்டைக் கடியிலும் குளிரிலும் நாற்று நட்டவர்கள் யார்? மலேரியாவில் விழுந்து மடிந்தவர்கள் யார்? அவர்கள் பெயரை எந்தக் கல்லில் வெட்டி வைத்தார்கள்?

அவர்கள் வாழ்க்கையும் இங்கிலீஷில் எழுதப்பட்டது, தோழர்களே. எதில்? செக்ரோலில்! இன்று வேலைக்கு வந்தவன், வராதவன், முன்பணத்தில் பாக்கி உள்ளவன் என்று எழுதினார்கள். சட்டத்திலும் எழுதினார்கள். 1859ம் வருஷத்து ஒப்பந்த மீறல் சட்டம் என்று ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறை. அதை ரத்துச் செய்ய 1925ல்தான் சட்டம் வந்தது. நம் பாட்டன் காலத்தில் இங்கிலீஷ் என்றால் கணக்கு, உத்தரவு, தண்டனை. இவ்வளவுதான்.

அந்தப் பாஷையையே எடுத்து, தொழிலாளி பக்கம் நின்று கவிதை எழுதிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் சி.வி.வேலுப்பிள்ளை. இலங்கை மலைநாட்டில் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ல் பிறந்தவர். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன ஜனங்களின் வழி வந்தவர், தொழிற்சங்கவாதி. 1947 தேர்தலில் தலவாக்கொல்லைத் தொகுதியில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார்.

அடுத்த வருஷமே என்ன நடந்தது? 1948ல் இலங்கை சர்க்கார் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. தோட்டத் தொழிலாளி நாடற்றவன் ஆனான். பின்னாலேயே வாக்குரிமையும் போயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்த்தவனைப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்டார்கள். 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசாங்கம் தேயிலை போட்டது. இன்றைய டான்டீயின் கதை அங்கே தொடங்குகிறது.

வாக்குச் சீட்டைப் பறிகொடுத்த அந்த ஜனங்களைப் பற்றித்தான் 1954ல் வேலுப்பிள்ளையின் இங்கிலீஷ் கவிதை நூல் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே என்பது அதன் தலைப்பின் பொருள். சக்தி பாலையா அதைத் தமிழில் தந்தார். அதில் ராஜா ராணி கதை கிடையாது. விடியற்காலையில் தப்பு ஒலிக்கிறது. ஜனங்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். உழைத்து உழைத்துச் செத்தவர்கள் அதே தேயிலைத் தூருக்கு அடியில் நினைவுக்கல் இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதை செய்யத்தான் அந்தக் கவிதை.

இதில் என்ன பெரிய விஷயம், தப்பு அடித்தால் எழுந்து போகத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தினமும் நடப்பதை நாம் மழையும் வெயிலும் போல எடுத்துக்கொண்டு விடுகிறோம். கோவையில் ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிறோம். வயலில் பண்ணையார் குரல் கொடுத்தால் இறங்குகிறோம். இங்கே மணி அடித்தால் மலை ஏறுகிறோம். மழை வானத்திலிருந்து வருகிறது. சங்கும் மணியும் யாரிடமிருந்து வருகின்றன? எந்த நேரத்துக்கு எழுவது, எத்தனை கிலோ பறிப்பது, எடையில் எவ்வளவு கழிப்பது என்று யாரோ ஒருவன் தீர்மானித்திருக்கிறான். தினசரி வாழ்க்கையை நேர்மையாக எழுதிக் காட்டினால், இதை யார் தீர்மானித்தது என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வி வந்தால் சங்கம் வரும்.

இலங்கையோடு இது நிற்கவில்லை. இங்கிலாந்தில் டோனி ஹாரிசன் என்றொரு கவிஞர். லீட்ஸ் நகரத்து ரொட்டித் தொழிலாளியின் மகன். 1984-85ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலை நிறுத்தம் செய்தபோது அவர் ஒரு நெடுங்கவிதை எழுதினார். பெற்றோரைப் புதைத்த இடுகாட்டில், வேலையற்ற இளைஞர்கள் கல்லறைகள் மேல் சாயத்தால் வசை எழுதியிருந்ததைப் பற்றிய கவிதை. அந்த இடுகாட்டுக்குக் கீழே பழைய சுரங்கம். 1987ல் அதைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது, கெட்ட வார்த்தை இருக்கிறது என்று கனவான்கள் கூச்சல் போட்டார்கள். வேலையில்லாமல் இளைஞர்கள் அழிவது அவர்கள் காதில் விழவில்லை, வார்த்தைதான் விழுந்தது!

நம் நாட்டுக்கு வாருங்கள். பம்பாய் அருண் கொலாட்கர் மராத்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியவர். 2004ல் வந்த அவருடைய காலா கோடா கவிதைகளில் தெருக்கூட்டும் பெண் வருகிறாள். நடைபாதையில் ஏழைகளுக்கு இட்லி விற்கும் பெண் வருகிறாள். சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி சாதியின் கொடுமையையும் பெண்ணின் கோபத்தையும் இங்கிலீஷ் கவிதைகளாக எழுதினார். 2006லும் 2010லும் அவர் தொகுப்புகள் வந்தன. 1968 டிசம்பர் 25ல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 உயிர்களை எரித்தார்களே, அந்தக் கீழவெண்மணியைப் பற்றி 2014ல் அவருடைய இங்கிலீஷ் நாவல் வெளிவந்தது.

இங்கிலீஷ் கவிதை முழுவதும் நம் பக்கம் என்று நான் சொல்லவில்லை. மேஜை மேல் தேநீர்க் கோப்பை, ஜன்னலில் மழை, மனசில் தனிமை என்று எழுதுகிறவர்கள் நிறைய. அதுவும் மனித வாழ்க்கைதான், பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது? அதைப் பறித்த விரல் எப்படிக் கறுத்து வெடித்திருக்கிறது? அதை எழுத வேண்டியது யார்?

நம் மலையின் கதையைக் கேளுங்கள். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல், கருப்பன், வள்ளி என்ற ஏழைத் தம்பதியின் கதையாக இந்த மண்ணின் துயரத்தை இங்கிலீஷ் நாவலாக எழுதினார். அது வந்தது 1969ல். இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியது 2007ல். 2013ல் சினிமாவும் வந்தது. நம்மைப் பற்றிய புத்தகம் நம் பாஷையில் நம் கைக்கு வர 38 வருஷம்! அதற்குள் அந்தக் காலத்தை அனுபவித்த எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்?

அந்த டாக்டருக்கு நாம் நன்றி சொல்வோம். ஆனால் இன்னொரு டாக்டர் வருவார் என்று காத்திருக்க முடியாது. இன்று லயன்களில் அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பல வருஷம் பறித்துவிட்டு ஓய்வு பெறுகிற தாய், அந்த லயன் வீட்டைக் காலி செய்து எங்கே போவாள்? இதெல்லாம் செக்ரோலில் வராது.

ஆகவே மூன்று வேலைகள். முதலாவது, வயதானவர்கள் சொல்வதை, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் செத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, வெளிமாநிலத் தோழரின் கதையை அவர் பாஷையிலேயே எழுதச் சொல்லி வாங்க வேண்டும். மூன்றாவது, பிள்ளைகள் இங்கிலீஷைப் பயப்படாமல் படிக்க வேண்டும். நிர்வாகம் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அது வேண்டும். வேலுப்பிள்ளையைப் போல அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்லவும் வேண்டும்.

முதல் நோட்டை நான் கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் பத்துப் பெயராவது ஏறட்டும்.