இரண்டாய்ப் பிரிந்த இலூவன் பல்கலைக்கழகம்



வருகின்ற கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் என்னென்ன செய்யப்போகின்றது என்று கூறும் அறிக்கை எவர் கண்ணுக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. புதிய பாடப்பிரிவு, கட்டடத் திட்டம், விடுதி ஒழுங்கு, விழா நாள் என்று நாலைந்து தாள்களில் அது முடிந்துவிடும். அலுவலகப் பலகையில் ஒட்டப்பெற்றுக் காற்றில் கிழிந்து போவதும் உண்டு. ஆனால், 1968-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பெல்சிய நாட்டு இலூவன் நகரில் வெளிவந்த அத்தகைய அறிக்கை ஒன்று, இருபத்துமூன்றே நாளில் அந்நாட்டு அமைச்சரவையைக் கவிழ்த்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுவழிப் பிரிவு தன் வருங்கால வளர்ச்சிக்கு வகுத்த திட்டம் அது. அப் பிரிவு இலூவனை விட்டுப் பெயராது. அங்கேயே இருந்து மேலும் விரியும் என்பதே அதன் சாரம். இதற்கா இத்தனைக் கொந்தளிப்பு என்று கேட்கத் தோன்றும். அந் நிலத்தின் வரலாற்றை அறிந்தாலன்றி அது விளங்காது.

பெல்சியத்தின் வடபாதி பிளாண்டர்சு. அங்கு வாழும் பிளெமியர் பேசுவது டச்சு மொழி. தென்பாதி வாலோனியா, அங்குப் பிரெஞ்சு. 1830-இல் அந் நாடு தனியரசான போது தொகையில் மிக்கவர் பிளெமியரே. ஆயினும் ஆட்சி, முறைமன்றம், படை, உயர்கல்வி ஆகிய அனைத்திலும் பிரெஞ்சே அரியணையில் அமர்ந்தது. டச்சு உழவர் பேச்சாம். பிரெஞ்சே பண்பட்டார் மொழியாம்! இவ்வாறு இகழ்ந்தவருள் பிளாண்டர்சிலேயே பிறந்து, அம் மண்ணின் விளைவையே உண்டு, வீட்டில் பிரெஞ்சு பேசிய செல்வரும் இருந்தனர் என்பதை இங்குள்ளோர் எளிதில் விளங்கிக்கொள்வர். பிளெமிய உழவன் மகன் மருத்துவம் கற்க வேண்டுமாயின் முதலில் வேற்றுமொழிக்குள் புகவேண்டும். கற்றுத் திரும்பியபின், தன் ஊர் நோயாளியின் வலியைக் கேட்டறிய மீண்டும் தாய்மொழிக்கு வரவேண்டும். வடபாதியிலுள்ள கெண்டு நகரப் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சுவழிக்கு மாறியதே 1930-இல்தான். நாடு தோன்றி நூறாண்டு கழிந்தபின் கிடைத்த முதல் டச்சுவழிப் பல்கலைக்கழகம் அது!

இலூவன் கெண்டினும் பழைமையானது. பிரசெல்சு நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 அயிரமாத்திரித் தொலைவில், அதாவது 25 கிலோமீட்டரில், பிளெமிய நிலத்தில் உள்ளது. 1425-இல் போப்பு ஐந்தாம் மார்ட்டின் ஆணையால் அங்குப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. நெடுங்காலம் இலத்தீனே பயிற்றுமொழி. இடையில் மூடப்பட்டு, கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாக 1835-இல் அந் நகரில் மீண்டும் நிலைகொண்ட பொழுது பிரெஞ்சு வந்தமர்ந்தது. 1911 முதல் ஒரு சில பாடங்கள் டச்சில் நடந்தன. 1930-களில் இருமொழியிலும் இணைப்பாடங்கள் பெருகின. 1960-களில் டச்சுவழி மாணவரே மிகுந்திருந்தனர். பிள்ளைகள் மிகுந்தும் வீடு மற்றவருடையதாகவே இருந்தது.

1962-இல் பெல்சியப் பாராளுமன்றம் மொழியெல்லையைச் சட்டத்தால் வரையறுத்தது. அதன்படி இலூவன் டச்சுமொழி நிலம். பிரெஞ்சுவழிப் பேராசிரியரோ தம் குடும்பத்தார்க்கு அந் நகரில் பிரெஞ்சுப் பள்ளியும் பிற ஏந்துகளும் வேண்டினர். சில வகுப்பறைகளால் ஒரு மொழி அழிந்துபடுமா என்று அயலார் வினவலாம். பிளெமியர் கண்முன் நின்றது பிரசெல்சு. முன்னர் டச்சு பேசிய அத் தலைநகரம், அலுவலும் பள்ளியும் பிரெஞ்சானதால் சில தலைமுறைக்குள் பிரெஞ்சு நகராகிவிட்டது. பிரசெல்சு, இலூவன், வாவ்ர் ஆகிய மூன்றையும் இணைத்த ஒரு முக்கோணம் பற்றிய பேச்சும் பிரெஞ்சுவழிப் பிரிவின் தலைவர்களிடையே எழுந்தது. ஒரு முறை சுட்ட கை அனலுக்கு அஞ்சியதில் வியப்பென்ன?

பல்கலைக்கழகத்தின் உரிமையாளர் நாட்டின் ஆயர்கள். 1966 மே 13-ஆம் நாள் அவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். பல்கலைக்கழகம் ஒன்றே, இரு பிரிவும் இலூவனிலேயே இருக்கும் என்பது அதன் கருத்து. மாணவரையோ அந் நகர மக்களையோ உசாவிச் செய்த முடிவன்று அது. மேலிருந்து இறங்கிய கட்டளை. பிளெமியர் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். ஆயரை எதிர்த்துப் பேசி அறியாதவர். அத்தகையோர் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவில் இறங்கினர். உண்மையில் இலூவன் போராட்டம் வென்றது அன்றே எனலாம். பிறகு நடந்தவை அதன் தொடர்ச்சியே. 1967 நவம்பர் 5-ஆம் நாள் ஆண்டுவெர்ப்பு நகரில் ஏறத்தாழ 30,000 பேர் அணிவகுத்தனர்.

அதன் பின்னரும் வெளிவந்ததுதான் சனவரி 15 அறிக்கை. மறுநாளிலிருந்து இலூவன் தெருக்களில் காவலர் குவிந்தனர். மாணவர் பலர் தளைப்படுத்தப்பட்டனர். பிளாண்டர்சு முழுவதும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் வகுப்பைத் துறந்தனர். அதே சனவரித் திங்கள் 23-ஆம் நாள்தான் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றம் இந்தியை விலக்கி இருமொழித் தீர்மானம் நிறைவேற்றிற்று. கடலும் மலையும் இடைநிற்க, ஒருவரையொருவர் அறியாத இரு மக்களினம் ஒரே கிழமையில் ஒரே வினாவுக்கு விடை தேடியிருக்கின்றன.

போராட்டத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. ‘இலூவன் பிளெமியர்க்கே’ என்ற முழக்கம் முறையானது. ‘வாலோனியரே வெளியேறுக’ என்று எழுந்த மற்றொரு முழக்கம் அத்தகையதன்று. பகை திட்டத்தின்மேல் இருக்கவேண்டுமேயன்றி, அடுத்த அறையில் படிக்கும் மாணவன்மேல் இருத்தல் கூடாது. இதனை மாணவர் தலைவர்களே உணர்ந்தனர். ‘வாலோனியர்’ என்னும் சொல்லை நீக்கி, மேட்டுக்குடியினரே வெளியேறுக என்று முழக்கத்தை மாற்றிக்கொண்டோரும் அவர்களுள் உண்டு.

பிப்பிரவரி 2-ஆம் நாள் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. புரூசு நகர ஆயர் தெ சுமெத்து, 1966 அறிவிப்புக்கு உடன்பட்டவர்களுள் ஒருவர், கோர்த்திரைக்கு நகரில் உழவர் கூட்டமொன்றில் எழுந்து, தாம் அன்று பெரும் பிழை செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். உயர் இருக்கையில் அமர்ந்தோர் வாயிலிருந்து இச் சொல் வருவது எத்துணை அரிது! பிப்பிரவரி 7-ஆம் நாள் பிளெமிய அமைச்சர்கள் விலக, தலைமையமைச்சர் பால் வாண்டன் போய்நாண்சின் ஆட்சி வீழ்ந்தது. மார்ச்சு 31-இல் பொதுத்தேர்தல் நடந்தது. ஆட்சியிலிருந்த கிறித்தவக் கட்சியே மொழிவழி இரண்டாகப் பிரிந்தது. 1970-இல் பெல்சிய அரசியலமைப்பும் திருத்தப்பட்டு, மொழிவழி நிலப்பகுதிகள் அதனுள் இடம்பெற்றன.

பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. 1970 மே 28-ஆம் நாள் சட்டம் இரண்டையும் தனித்தனி நிறுவனங்களாக ஏற்றது. பிரெஞ்சுவழிப் பிரிவினர் மொழியெல்லைக்குத் தெற்கே வெற்று வயல்வெளியில் ஒரு நகரையே புதிதாகக் கட்டினர். புதிய இலூவன் என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். 1971 பிப்பிரவரி 2-இல், அவ் ஆயர் பேசிய அதே நாளில், மூன்றாண்டு கழித்து அடிக்கல் நாட்டப்பட்டது. 1972-இல் முதல் மாணவர் வந்தனர். 1979-இல் இடப்பெயர்ச்சி நிறைவுற்றது. மருத்துவப் பிரிவு பிரசெல்சுக்குச் சென்றது. வெளியேறியோர் அழிந்துவிடவில்லை, தம் மொழி நிலத்தில் செழித்தனர்.

நூலகத்தின் செய்திதான் நெஞ்சை வருத்துவது. 1914 ஆகத்தில் செருமானியப் படை தீயிட்டுக் கொளுத்திய நூலகம் அது. அமெரிக்கர் உதவியால் எழுந்து 1928-இல் திறக்கப்பெற்று, 1940 மேயில் மீண்டும் எரிந்தது. இருமுறை சாம்பலிலிருந்து சேர்த்த பொத்தகங்களை இப்பொழுது பங்கிட்டாக வேண்டும். எப்படிப் பங்கிட்டனர்? அடுக்கெண் ஒற்றைப்படையாயின் ஒருவர்க்கு, இரட்டைப்படையாயின் மற்றவர்க்கு! துறை நோக்கவில்லை, மொழி நோக்கவில்லை, எண்ணையே நோக்கினர். ஒரு பொருளை ஆராய்வோன் பாதியை இங்கும் பாதியை அங்கும் தேடும் நிலை வந்தது. பயிற்றுமொழியுரிமை கேட்டது முறை. அதற்காகப் பொத்தகங்களை இவ்வாறு கூறுபோட்டது அறிஞர் செயலன்று.

2025-இல் இரு பல்கலைக்கழகங்களும் அறுநூறாம் ஆண்டு விழாவை இணைந்து கொண்டாடின. இதற்கிடையில் பிளெமியர்க்கு வேறொரு சிக்கல் முளைத்தது. பிரெஞ்சு வெளியேறிய வகுப்பறைக்குள், உலகமொழி என்னும் பெயரால் ஆங்கிலம் நுழைந்தது. அவர்கள் 2012-இல் சட்டம் இயற்றி, வேற்றுமொழியில் நடத்தும் இளநிலைப் படிப்புகள் 6 விழுக்காட்டையும் முதுநிலைப் படிப்புகள் 35 விழுக்காட்டையும் தாண்டலாகாதென வரம்பு கட்டினர். ஆங்கிலவழியில் ஒரு படிப்பைத் தொடங்க விரும்பினால், அதற்கு நிகரான படிப்பு பிளாண்டர்சில் டச்சுவழியிலும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர்.