சாயமிடாத தட்டு



ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இருவரும் பின்னர் ஒரே ஆய்வுகூடத்தில் சேர்ந்தது தற்செயல்தான். இறக்கக்கண்டியில் வளர்ந்தவர்களுக்குப் புறாமலையின் பவளம் புதிதல்ல. கடல் சூடேறினால் அது வெளுக்கிறது. 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் பெருமளவு பவளம் அப்படித்தான் மடிந்தது. பவளத்தினுள் வாழும் நுண்பாசி வெப்பத்தில் தடுமாறி, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் இனங்களை வெளிவிடுவது இதற்கு ஒரு காரணம் என்பார்கள். சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பரவொட்சைட்டு போன்றவைதான் அவை. கண்ணுக்குத் தெரியாத இவற்றை உயிருள்ள கலத்துக்குள்ளேயே காண்பது எங்கள் வேலை.

அதற்கு ஒரு சாயம் உண்டு. நிறமற்றதாகக் கலத்துக்குள் நுழையும். அங்குள்ள நொதியம் அதன் ஒரு பகுதியை வெட்டிவிட, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஒட்சியேற்றப்பட்டதும், நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும்.

தொட்டியில் வளர்த்த பவளத்தின் கலங்களைச் சூடேற்றிப் பார்த்தோம். பச்சை! சூடேற்றாதவற்றில் மங்கல். மூன்று மாதம் படங்களாகச் சேர்த்தோம்.

பிறகுதான் சாயமே இடாத ஒரு தட்டை வைத்தோம். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது. பவளத்துக்கு இயல்பாகவே பச்சையாக ஒளிரும் புரதம் உண்டு. அது எங்களுக்குத் தெரியாததல்ல. சரி, சூடேற்றிய தட்டு ஏன் கூடுதலாக ஒளிர்ந்தது? குறிப்பேட்டைப் புரட்டினோம். ஆவல் மிகுதியில் அதையே அதிக நேரம் விளக்கின் கீழ் வைத்திருந்தோம். அந்த ஒளியே சாயத்தை ஒட்சியேற்றும். நாங்கள் பார்த்ததில் எவ்வளவு எங்கள் ஆசையின் வெளிச்சமோ! மூன்று மாதப் படங்களையும் ஒதுக்கினோம். அன்றிரவு இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இப்போது இன்னும் நுட்பமான சாயங்கள் உண்டு. 2004இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்தோபர் சாங் குழுவினர், ஐதரசன் பரவொட்சைட்டைத் தேர்ந்து உணரும் போரன் சேர்ந்த ஒன்றை வெளியிட்டார்கள். இலங்கையில் பிறந்த பிரசன்ன டி சில்வா, பெல்பாஸ்ற்றில் இருந்து, குறித்த அயன் வந்து பிணைந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகளைப் படைத்துக் காட்டியவர். எதை வாங்கினாலும், சாயமிடாத தட்டும் சூடேற்றாத தட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரம்தான் விளக்கின் கீழ் இருக்க வேண்டும்.

ரீச்சர், மாப்பொருளுக்கு அயடீன் விடும்போது வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் வைக்கச் சொல்வீர்கள். அது எதற்கென்று அன்று நாங்கள் சிரித்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.