அந்தத் திண்ணைக்கு வாருங்கள்



"பணத்தால் மகிழ்ச்சி வராது" என்று போன வாரம் ஒரு மேடையில் ஒருவர் முழங்கினாராம். ஏசி காரில் வந்து இறங்கி, ஏசி காரிலேயே ஏறிப் போனவர்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் காதிலும் விழட்டும்!

டேனியல் கானமன் என்று ஒரு பேரறிஞர், நோபல் பரிசு வாங்கியவர். ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்கருக்கு அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். 2021இல் கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர், முப்பதாயிரம் பேருக்கு மேல் கைபேசியில் கேட்டுவிட்டு, "இல்லை ஐயா, கூடிக்கொண்டே போகிறது" என்றார். பெரியவர் கோபித்தாரா? அவரோடே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார்! மிகுந்த துயரத்தில் கிடக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவவில்லை, மற்றவர்களுக்கு உதவுகிறது என்று 2023இல் சேர்ந்தே எழுதினார்கள். தன் கணக்கைத் தானே திருத்தும் அந்த மனசு இங்கே எத்தனை பேருக்கு உண்டு?

கையில் வருவது எவ்வளவு என்பதோடு கதை முடிவதில்லை. ஜெர்மனியில், பான் நகரத்தில், இரண்டிரண்டு பேரை ஸ்கேன் கருவிகளில் படுக்க வைத்தார்கள். ஒரே வேலை, இரண்டு கூலி. தன் கையில் வந்ததை மட்டுமா மூளை பார்த்தது? பக்கத்து ஆளுக்கு எவ்வளவு என்றும் பார்த்தது! அதே வேலைக்குக் குறைந்த கூலி வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி வயிறெரிந்தால் பொறாமை என்கிறீர்களே, அது மூளை போடும் நியாயக் கணக்கு ஐயா!

கூலி குறைந்தாலே இப்படி என்றால், வேலையே போனால்? எங்கள் தெருவில் ஓர் அண்ணன். பெயர் வேண்டாம், அவர் கூசுவார். இருபத்தாறு வருஷம் நூற்பாலை. சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் நிற்பார். ஆலையை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் குடித்துத் திரிந்தவன் வேறு பிழைப்புக்குப் போய்விட்டான். இவர் திண்ணையில் உட்கார்ந்தவர்தான், எழவில்லை. ஏன்? அதே ஜெர்மனியில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் நான்கு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வேலை போனால் மிக ஆழமாக விழுகிறவர்கள், பொறுப்பும் ஒழுங்கும் மிகுந்தவர்கள்தானாம்! உண்மையாய் உழைத்தவனுக்கே பெரிய அடி. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கமாட்டேன்.

பணமா பெரிது என்று இனி எவர் கேட்டாலும், கையைப் பிடித்து அந்தத் திண்ணைக்கு அழைத்து வாருங்கள். அண்ணன் அங்கேதான் இருப்பார். அவருக்குச் சேரவேண்டிய பணிக்கொடை இன்றுவரை வரவில்லை.