எங்கள் வீட்டுப் பூச்சை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கரக்பூர் இருப்புப்பாதைக் குடியிருப்பில் ஒரு குடும்பம் போல் வாழும் தமிழ்ப் பெருமக்களே!

ஆண்டு விழா மேடையில் திருக்குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசுவது மரபு. இவ்வாண்டு எங்களை அழைத்த நண்பர்கள், விரும்பிய பொருளைப் பற்றிப் பேசலாம் என்று உரிமை தந்தனர். அவ்வுரிமையைக் கொண்டு, பதின்மூன்று ஆண்டுகள் எங்கள் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பூனையைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

பூனை என்றதும் சிலர் நகைக்கலாம். ஆயினும் கவிச்சக்கரவர்த்தி கம்பர், தம் காப்பியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் கூறும்போது, தம்மை ஒரு பூனைக்கே ஒப்பிட்டார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையைப் போலத் தாம் இராமன் கதையைச் சொல்லத் துணிந்ததாக அவர் கூறுகின்றார். அதற்கு முன்பே சங்கப் புலவர்கள் முல்லை அரும்பைக் கண்டு, காட்டுப் பூனையாகிய வெருகின் பல்லை நினைத்தனர். வெருகின் இளமைப் பெயர் 'குட்டி' என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துச் சொல்கின்றது. ஆகவே தமிழ் அவைக்குப் பூனை புதிய விருந்து அன்று.

கம்பர் ஆண்ட சொல் 'பூசை' என்பதாகும். நாஞ்சில் நாட்டில் இன்றும் பூனையைப் 'பூச்சை' என்பர். எங்கள் தாயார் அந்நாட்டவர். எங்கள் பூனைக்கு வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை. தாயார் அழைத்த 'பூச்சை' என்பதே அதற்குப் பெயராயிற்று. அடுத்த வீட்டு வங்காளச் சிறுவர்கள் அதைப் 'பூஜோ' என்று காதில் வாங்கிக்கொண்டு, "உங்கள் வீட்டில் மட்டும் நாள்தோறும் பூஜையா?" என்று வியப்பார்கள்.

தாயார் இங்கு வந்தது 2010ஆம் ஆண்டில். தந்தையார் மறைந்தபின், ஊரில் தனியே இருத்தல் வேண்டாம் என்று அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு. தமிழன்றி வேறு மொழி அறியார். இக்குடியிருப்பின் வாழ்வு யாவரும் அறிந்ததே. தெருவில் இந்தி, கடையில் வங்காளம், பக்கத்து வரிசையில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். காலை ஒன்பது மணிக்கு வீடு ஒழிந்துவிடும். மாலை வரையில் தாயாருக்குப் பேச்சுத்துணை சுவரே. ஒரு நாள் முழுவதும் வாய் திறவாதிருந்து மாலையில் பேசத் தொடங்கும்போது, அவர் குரல் கம்மிப் போயிருக்கும். அதைக் கேட்கும்போது எங்கள் உள்ளம் வருந்தும்.

2011ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பின்புறத்துக் கொய்யா மரத்தடியில் ஒரு பூனைக்குட்டி நனைந்து கிடந்தது. சாம்பல் நிறம்; நெற்றியில் மூன்று கருங்கோடுகள். பிள்ளைகள் அதை உள்ளே தூக்கி வந்தனர். தாயாருக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. பூனை குறுக்கே போனால் புறப்பட்ட காரியம் ஆகாது என்பது அவர் பழகிய நம்பிக்கை. துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அவ்வேளையில் அடுத்த வீட்டு வங்காள அம்மையார் வேலியருகே வந்து, "மாசிமா, விரட்டாதீர்கள்! அது ஷஷ்டி தேவியின் ஊர்தி. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை அடிக்கலாகாது" என்றார். எங்கள் இல்லத்தரசி அதைத் தமிழில் எடுத்துரைத்தார். தாயாரின் காதில் தங்கியது ஒரே ஒரு சொல்: சஷ்டி. "சஷ்டி முருகனுக்கு உரிய நாள் அல்லவா? அவனுக்கு மயில்தானே உண்டு? பூச்சை எப்படி வந்தது?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை உண்டு. வங்காளத்தில் ஷஷ்டி என்பாள் குழந்தைகளைக் காக்கும் தெய்வம். பூனை அவள் ஊர்தி. பிள்ளை பிறந்த ஆறாம் நாள் அவளுக்கு வழிபாடு நடக்கும். வைகாசித் திங்களையொட்டி இங்கு மருமகன்மார்க்கு விருந்து வைக்கும் 'ஜாமாய் ஷஷ்டி' என்னும் விழாவும் அவள் பெயரால் நடப்பதே. முருகனின் தேவியாகிய தேவசேனைக்கும் ஷஷ்டி என்னும் பெயரைப் புராணங்கள் வழங்குகின்றன. ஆகவே நாம் நோன்பிருக்கும் சஷ்டியும் இவர்கள் வணங்கும் ஷஷ்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களே.

வங்காளப் பெண்கள் அந்நோன்பு நாளில் சொல்லும் கதையையும் அவ்வம்மையார் கூறினார். ஒரு வீட்டில் இளைய மருமகள் ஒருத்தி இருந்தாள். தின்பண்டங்களைத் தானே மறைவில் உண்டுவிட்டுப் பழியைப் பூனையின் மேல் போட்டுவந்தாள். பூனை ஷஷ்டியிடம் முறையிட்டது. பின்னர் அவள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக அது கவர்ந்து சென்றது. அவள் தேவியின் காலில் விழுந்து, பூனையிடமும் பொறுத்தருள வேண்டியபின்பே பிள்ளைகள் திரும்பக் கிடைத்தனர். கதையைக் கேட்ட தாயார் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "சரி, மழை விடும் வரைக்கும் கிடக்கட்டும்" என்றார். அம்மழை பதின்மூன்று ஆண்டுகள் விடவில்லை!

அது வளர்ந்த முறையும் இரு வீட்டுக்கும் பொதுவாயிற்று. எங்கள் வீடு சைவம். தயிர்ச்சோறு மட்டுமே உண்டு. பூனையோ ஊன் உண்ணப் பிறந்த உயிர். இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் பொருள் கிடைக்காவிடின் அதன் கண்ணும் நெஞ்சும் கெட்டுவிடும் என்று மருத்துவர் கூறுவர். அக்குறையை வங்காள அம்மையாரின் அடுக்களை தீர்த்தது. உச்சிப்பொழுதில் அங்கே மீன்தலை. மற்ற வேளையெல்லாம் இங்கே தமிழ். இதுவே எங்கள் பூச்சையின் அன்றாட ஒழுங்கு.

ஆம், தமிழ்! வீடு ஒழிந்தபின் தாயார் பூச்சையிடம் பேசத் தொடங்கினார். அரிசியில் கல் பொறுக்கும்போது ஊர்க்குளத்தின் கதை. பூத் தொடுக்கும்போது தம் திருமணத்தின் கதை. பிற்பகலில் உறவினர் ஒவ்வொருவரின் நிறையும் குறையும். பூச்சை எதிரே அமர்ந்து, கண்ணை மெல்ல மூடித் திறந்து கேட்டுக்கொண்டிருக்கும். இடையிடையே ஒரு குரல் கொடுக்கும். பூனைகள் வளர்ந்தபின் தமக்குள் 'மியாவ்' என்று கத்துவது அரிது. அக்குரலைப் பெரும்பாலும் மனிதரை நோக்கியே எழுப்புகின்றன என்பர். தாயார் அதை 'உம்' கொட்டுதலாகவே எடுத்துக்கொண்டார். மாலையில் நாங்கள் திரும்பும்போது அவர் குரல் முன்போல் கம்மியிருப்பதில்லை.

ஆயினும் 2013ஆம் ஆண்டில் ஊர் நினைவு அவரை வாட்டியது. மூத்த மகன் வீட்டிற்கே போய்விடுவதாக முடிவு செய்தார். நாங்கள் தடுக்கவில்லை. பயணச்சீட்டுப் பதிவு செய்தோம். பெட்டியும் கட்டியாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, பூச்சை தாயாரின் கட்டிலின் அடியில் பழம்புடைவை ஒன்றின்மேல் மூன்று குட்டிகளை ஈன்றது. விடியற்காலையில் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி, கட்டிலின்மேல் ஏறி, உறங்கிய தாயாரின் அருகில் கிடத்தியது.

வைணவப் பெரியோர் அடைக்கல நெறிக்கு இரு உவமை கூறுவர். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாய்தான் அதைக் கவ்விச் செல்லும். வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் காட்டுவர். அன்று காலையில் அந்த உவமையை எங்கள் கட்டிலிலேயே கண்டோம். தன் குட்டிகளுக்கு எவ்விடம் காப்பானது என்று தாய்ப்பூனை தேர்ந்ததோ, அவ்விடம் எங்கள் தாயாரின் பக்கம்.

"குட்டிகள் கண் திறக்கட்டும், பிறகு போகலாம்" என்றார் தாயார். பத்து நாளில் கண் திறந்தன. "நடக்கட்டும்" என்றார். நடந்தன. "பால்குடி மறக்கட்டும்" என்றார். இரண்டு திங்களில் அதுவும் ஆயிற்று. ஒரு குட்டி தெலுங்கர் வீட்டிற்கும், ஒன்று வங்காளி வீட்டிற்கும், ஒன்று பீகார்க் குடும்பத்திற்கும் போயின. அதன்பின் ஊர்ப் பயணத்தின் பேச்சே எழவில்லை. கால்நடை மருத்துவரிடம் பூச்சைக்குக் கருத்தடை செய்வித்துத் திரும்பிய நாளில், பத்தியச் சோறு வடித்து மகப்பேற்று வீடு போல் அமளி செய்தவரும் அவரே.

எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இம்மண்ணில் பிறந்து வளரும் பிள்ளைகள் தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் விடை கூறுவது இங்குள்ள எல்லா வீட்டிலும் உள்ள நோயே. எங்கள் மகளும் அப்படித்தான். பாட்டியார் பூச்சையோடு பேசுவதை ஓரமாய் இருந்து கேட்பாள், நகைப்பாள், ஆனால் தான் பேச மாட்டாள்.

2020ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தாயார் காலமானார். எழுபத்தெட்டாம் அகவை, நெடுநாள் படுக்கையில் கிடக்கவில்லை. சடங்குகள் முடிந்து, வந்தவர்கள் சென்றபின், பூச்சை அக்கட்டிலின் கால்மாட்டில் ஏறி அமர்ந்தது. அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. வங்காள அம்மையார் மீனைக் கையில் ஏந்தி வந்தும் இறங்கவில்லை. விலங்கின் துயரை நாம் அளந்து சொல்லல் ஆகாது. கண்டதைச் சொல்கின்றோம். நான்கு நாள் அது ஏதும் உண்ணவில்லை. பூனை அவ்வாறு பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டு உயிருக்கே ஊறு நேரும் என்று மருத்துவர் அஞ்சினார்.

ஐந்தாம் நாள் அந்திப்பொழுதில், அப்போது பதின்மூன்று அகவையினளான எங்கள் மகள் கட்டிலருகே சென்று அமர்ந்தாள். பாட்டியாரின் குரலை அப்படியே எடுத்து, "எங்க போயிக் கிடந்தா மக்களே? வா, சோறு தாறேன்" என்றாள். அவ்வீட்டில் பிறந்த நாள் முதல் ஒருநாளும் அவள் வாயினின்று நாங்கள் கேளாத நாஞ்சில் தமிழ்! பூச்சை தலையை நிமிர்த்தியது. கீழே இறங்கி வந்து அவள் கையிலிருந்து தயிர்ச்சோற்றை உண்டது. எங்கள் இல்லத்தரசி அடுக்களையில் நின்று அழுதார். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பூனைக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2019ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஆய்வாளர்கள், பூனை தன் பெயரைப் பிற சொற்களினின்று பிரித்தறியும் என்று காட்டினர். 2022ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் 16 பூனைகளைக் கொண்டு நடந்த ஆய்வு, வளர்ப்பவர் தன்னிடம் பேசும் தனிக் குரலையும் பிறரிடம் பேசும் குரலையும் பூனை வேறுபடுத்தி உணர்கின்றது என்று கூறியது. பூச்சைக்கு வேண்டியிருந்தது அக்குரல். அக்குரலோ எங்கள் வீட்டில் தமிழில்தான் இருந்தது.

அடுத்த திங்களே ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. மகளும் பூச்சையும் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தனர். பாட்டியார் விட்ட இடத்திலிருந்து அவள் பேச்சைத் தொடர்ந்தாள். அடுக்களை, அங்கணம், புறவாசல் என்னும் சொற்கள் மீண்டும் எங்கள் வீட்டில் நடமாடின. அறியாத சொல் வந்தால் எங்களிடம் வந்து கேட்பாள். பூச்சையோடு பேசத் தொடங்கிய தமிழ், பின்னர் எங்களோடும் பேசும் தமிழாயிற்று.

முதிய பூனைகளுக்கு வரும் சிறுநீரக நோய் 2024ஆம் ஆண்டில் பூச்சையையும் பற்றியது. மருந்தும் ஊசியும் சில திங்கள் தாங்கின. டிசம்பர்த் திங்களில் ஒரு விடியற்காலை, மகளின் மடியில் அது உயிர்விட்டது. முன்பு அதைக் கண்டெடுத்த கொய்யா மரத்தடியிலேயே அடக்கம் செய்தோம். வங்காள அம்மையார் ஒரு கைப்பிடி மஞ்சள் அரிசி தூவினார்.

அன்பர்களே! ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றோம். மாற்றல் ஆணை நம் வாழ்வில் இயல்பு. ஆணை வந்ததும் கட்டில், பீரோ, மிதிவண்டி யாவும் வண்டி ஏறுகின்றன. பூனை மட்டும் பூட்டிய வீட்டு வாயிலில் நிற்கின்றது. பூனை வீட்டைத்தான் நேசிக்கும், மனிதரை நேசிக்காது என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கின்றோம். எங்கள் கட்டிலின் கால்மாட்டில் நான்கு நாள் நாங்கள் கண்டது அதற்கு மாறானது. வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி காரணமின்றிக் கைவிடுதல் குற்றம் என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் கூறுகின்றது. கூடையில் வைத்து, உரிய கட்டணம் செலுத்தி, நம் தொடர்வண்டியிலேயே கொண்டுசெல்ல வழி உண்டு. விதிகளை அறிய விரும்புவோர் எங்களிடம் வந்தால் விளக்கிச் சொல்லக் காத்திருக்கின்றோம். கொண்டுசெல்ல இயலாதவர், பொறுப்போடு ஏற்கும் ஒரு வீட்டைக் கண்டு ஒப்படைத்துச் செல்வாராக.

வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. பகற்பொழுதில் அவர்கள் பேச்சைக் கேட்க ஓர் உயிர் வேண்டும். பூனையாயினும் ஆகுக, கிளியாயினும் என்று சொல்லலாகாது, நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைத்தல் சட்டத்திற்கு மாறு! எல்லாவற்றினும் மேலாக, நம் பிள்ளைகளே அருகில் அமர்ந்து கேட்பாராயின் அதுவே பெரும்பேறு.