அடுக்களையே முதற்பள்ளி

(கனடாவில், இளங்குழந்தைகளையுடைய தமிழ்ப் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



1983ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின் ஈழத்தை விட்டுப் பெயர்ந்தோருள் பல்லாயிரவர் இந்நாட்டை அடைந்தனர். 1986இல் 155 தமிழர் இரு சிறு படகுகளில் கடலில் தத்தளித்து, நியூபவுண்டுலாந்துக் கரைக்கப்பால் மீனவர்களால் மீட்கப்பெற்றனர். அன்று வெறுங்கையராய் வந்தோரின் மொழிக்கு இன்று இங்கு மதிப்புண்டு. ஒண்டாரியோ மாநிலம் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக 2014ஆம் ஆண்டில் சட்டத்தால் ஏற்றது. காரிக்கிழமைகளில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. ஆயினும் ஒன்று கேட்கின்றேன்: அரசு ஏற்ற மொழியை நம் அடுக்களை ஏற்றுள்ளதா?

ஒரு கிழமைக்கு 168 மணி நேரம். அதில் தமிழ் வகுப்புக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று மணி. எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை எம்மொழியில் பசியைச் சொல்கிறதோ, எம்மொழியில் அழுகிறதோ, அதுவே அதன் மொழியாகும்.

உங்கள் இடர்ப்பாடு நானறியாததன்று. தந்தை இரவுவேலை முடித்து வரும்போது தாய் காலைவேலைக்குப் புறப்படுகிறாள். பனி கொட்டும் காலையில் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை, பனிக்காலணி, கையுறை எல்லாம் மாட்டி முடிக்குமுன் பேருந்து போய்விடுகிறது. இந்நெருக்கடியில் தமிழ் கற்பிக்க நேரமேது என்கிறீர்கள். தனி நேரம் வேண்டா என்பதே என் விடை. அந்தக் கையுறையை மாட்டும்போதே, “வலக்கையை நீட்டு, விரலை விரி, வெளியே குளிர்” என்று சொல்லுங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பேசுங்கள். நாள்தோறும் வரும் அச்சொற்களே மொழியின் வேர்.

வீட்டுக்குள் தமிழ் எவ்வாறு தேய்கிறது என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகிறது, ஆங்கிலத்தோடு திரும்புகிறது. இளைய பிள்ளையோடு ஆங்கிலத்திலேயே விளையாடுகிறது. நாம் தமிழில் கேட்க, அவை ஆங்கிலத்தில் விடை தருகின்றன. களைப்பினால் நாமும் ஆங்கிலத்துக்கு இறங்குகிறோம். மூத்தது தமிழ் பேசும். இளையது கேட்டுப் புரிந்துகொள்ளும். அதன் பிள்ளைக்கு அதுவும் இராது. எவரும் தடை போடாமலே ஒரு மொழி இல்லத்தை விட்டு வெளியேறிவிடுகிறது!

இரு மொழி கேட்டால் குழந்தைக்குப் பேச்சுத் தடைப்படும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. இரு மொழிகளைக் கேட்டு வளர்வது குழந்தையின் பேச்சைக் கெடுக்காது என்பதே மொழியறிஞர் கண்ட உண்மை. ஆங்கிலத்தைத் தெருவும் பள்ளியும் தொலைக்காட்சியும் தாமே கொடுத்துவிடும். தமிழைக் கொடுக்க உங்களையன்றி யாருளர்?

இழப்பது சொற்களை மட்டுமா? அம்மம்மா வேறு, அப்பம்மா வேறு. மாமா வேறு, சித்தப்பா வேறு. ஆங்கிலம் முன்னிருவரையும் ஒரு சொல்லிலும் பின்னிருவரையும் ஒரு சொல்லிலும் அடக்கிவிடுகிறது. சொல் மறைந்தால் அவ்வுறவின் நிறமும் மங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து தொலைப்பேசியில் அழைக்கும் அம்மம்மா, “சாப்பிட்டாயா, குஞ்சு?” என்று கேட்கிறாள். பிள்ளை விழிக்கிறது. பேரன் முகத்தைத் திரையில் கண்டும், அவனோடு பேச மற்றொருவர் மொழிபெயர்க்க வேண்டிய நிலை அம்மூதாட்டிக்கு வரலாமா?

இதற்கு வரலாறு சான்று தருகிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அவர்தம் வழியினரிடம் இன்றும் தமிழ்ப் பெயருண்டு, காவடியுண்டு. ஆனால் மிகப் பலர்க்குத் தமிழ் பேசவராது. பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். பள்ளியில் நெடுங்காலம் தமிழுக்கு உரிய இடமில்லை. பிழைப்பு மொழியோ ஆங்கிலம். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவர்மேல் குற்றமில்லை. ஆனால் அவர்க்கு வாய்க்காத உரிமையும் வகுப்பும் நூலும் பெற்றுள்ள நாம் இழந்தால், யாரைக் குறை சொல்வது?

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. கணவனும் மனைவியும் தமக்குள் தமிழிலேயே பேசுங்கள். குழந்தை தன்னிடம் சொல்வதோடு தன்முன் பேசுவதையும் கேட்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னால் சினவாதீர்; அதனையே தமிழில் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். மழலைத் தமிழ் பிழைபட்டால் விருந்தினர்முன் நகையாதீர். ஒருமுறை நாணிய நா மறுமுறை தமிழுக்கு எழாது.

அன்புடையீர்! தமிழ் கற்கப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புங்கள். ஆனால் அனுப்பிவிட்டோம் என்று அமையாதீர்கள். இன்றிரவு சோறூட்டும் கையோடு தமிழையும் ஊட்டுங்கள்!

வாழ்க தமிழ்! வளர்க நம் மழலையர்!