சங்கிலி ரம்பத்தின் கைப்பிடி
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பல நாட்டுப் பழைய சங்கிலி ரம்பங்களைத் தேடிச் சேர்ப்போரைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்று கூறியபோது, நம் விவேக் நகர் இளைஞர் ஒருவர், "ஐயா, இன்று அறுவைதான்!" என்று நகைத்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது முற்றிலும் உண்மை. சங்கிலி ரம்பம் பிறந்த இடம் காடு அன்று; அறுவை மருத்துவக் கூடம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவரும், பற்கள் அமைந்த மெல்லிய சங்கிலி ஒன்றைக் கையாண்டனர். பிள்ளைப்பேற்றில் இடர்ப்பட்ட தாயின் இடுப்பெலும்பு மூட்டைப் பிளக்கவும், நோயுற்ற எலும்பை நீக்கவும் அது பயன்பட்டது. 1830-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடி எலும்பை அறுக்கும் கருவியை அமைத்தார். உயிர் காக்கப் பிறந்த கருவி, ஒரு நூற்றாண்டு கழித்தே மரம் வீழ்த்தப் புறப்பட்டது.

அதற்கு முன் மரத்தை அறுத்தவை மனிதர் கைகளே. நம் நாட்டு முறையை முதியோர் அறிவீர்கள். அடிமரத்தைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நின்று, நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவருக்கு முதுகு வலி. கீழே நிற்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள். அந்த உழைப்பைக் குறைக்கவே பொறி வந்தது. ஆயினும், வந்தவுடன் குறைத்ததா?

1926-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் உருவாக்கிய மின்சாரச் சங்கிலி ரம்பத்தின் எடை 64 கிலோ! அதைத் தூக்க இருவர் வேண்டும். 1927-இல் எமில் லெர்ப் என்பவர் டோல்மார் மலையில் தம் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்து, அம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1929-இல் ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோவாக இறங்கியது. 1950-இல் 16 கிலோ எடையில் ஒருவரே ஏந்தும் ரம்பம் வந்தது. 1959-இல் வந்த 'கான்ட்ரா' 12 கிலோவாயிற்று. இந்த ரம்பங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு, உழைப்பாளியின் தோளிலிருந்து சுமை சிறிது சிறிதாக இறங்குவது கண்கூடாகத் தெரியும். சேகரிப்போரின் முதல் இன்பம் இதுவே.

இரண்டாவது இன்பம், ஒவ்வொரு நாட்டின் சிந்தனையையும் அதன் ரம்பத்திலே காண்பது. சோவியத் நாட்டில் 1950-களின் நடுவில் 'துருஷ்பா' வந்தது. நட்பு என்பது அச்சொல்லின் பொருள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடிபோல் உயர்ந்த பிடிகள் அதற்கு உண்டு; உழைப்பாளி முதுகு வளையாமல் நின்றே அடிமரத்தை அறுக்கலாம். சுவீடன் நாட்டின் ஹஸ்க்வர்னா, 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கியது. தையற்பொறியும் மோட்டார் சைக்கிளும் செய்து, 1959-இல் சங்கிலி ரம்பத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரந்தொழிலாளி, 1946-இல் மரத்தைக் குடையும் புழு ஒன்றை உற்றுநோக்கினார். அது தன் இரு தாடைகளையும் இடமும் வலமும் செலுத்தி மரத்தை எளிதாகத் தின்றது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் சங்கிலிப் பல்லை அமைத்தார். மரத்தைக் கீறிக்கொண்டிருந்த ரம்பம், அன்றுமுதல் செதுக்கத் தொடங்கியது. புழுவும் ஆசிரியராகலாம் அன்றோ!

மூன்றாவதாக, பழைய ரம்பம் துன்பத்தையும் மறைக்காமல் சொல்கிறது. நாள்முழுதும் அதிர்வைத் தாங்கிய தொழிலாளரின் விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளுத்தன, உணர்விழந்தன. அதன் பின்னரே, 1960-களில், அதிர்வைத் தடுக்கும் ரப்பர் தாங்கிகள் கைப்பிடியில் அமைந்தன. ரம்பம் திடீரெனத் துள்ளி முகத்தில் பாய்ந்தமையாற் பலர் காயமுற்றனர். 1973-இல் ஹஸ்க்வர்னா தானே இயங்கும் சங்கிலித் தடையைக் கொண்டுவந்தது. ஆதலால், அறிவுடைய சேகரிப்பாளர் எஞ்சினை மட்டும் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பார்க்கிறார். சங்கிலி ரம்பத்தின் வரலாறு கைப்பிடியின் வரலாறே.

இவ்விடத்தில் என் குற்றமொன்றைச் சொல்ல வேண்டும். என் தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து இந்நகருக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள்களுள் ஒன்று, அவரும் என் சிற்றப்பாவும் இழுத்த நீண்ட ரம்பம். அவர் மறைந்தபின், வீடு மாறும்போது, இடமில்லை என்று அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தேன். கடைக்காரர் இரு முனையிலும் இருந்த மரப்பிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் நிறுத்தார். தந்தையாரின் உள்ளங்கை முப்பதாண்டுகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிடி அது. இரும்புக்கு விலை இருந்தது. பிடிக்கு விலை இல்லை. காசை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காசு என்னவாயிற்று என்பது நினைவில் இல்லை. அந்தப் பிடி மட்டும் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

காடுகளை அழித்த கருவியைப் போற்றலாமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இக்கன்னட நாட்டின் உத்தர கன்னட மாவட்டத்தில் 1983-இல் மக்கள் மரங்களைத் தழுவி நின்று காத்தனர். 'அப்பிகோ' என்ற அவ்வியக்கத்தின் பெயருக்கே தழுவிக்கொள் என்பதுதான் பொருள். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் வாசலில் நிற்கும் மரத்தை வெட்டவும் பெரும்பாலும் மர அலுவலரின் ஒப்புதல் வேண்டும். ஓடும் ரம்பம் மரத்தை வீழ்த்தும். ஓய்ந்த ரம்பம் மரத்தின் அருமையைச் சொல்லும். கோவையில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தைக் கண்டோர், வெட்டுண்ட மரமும் பாடம் புகட்டும் என்பதை அறிவர்.

பேணும் முறையும் எளிதே. பெட்ரோலை முழுதும் வடித்துவிடுக. தேங்கினால் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். சங்கிலிக்கு எண்ணெய் தடவி உறையிடுக. ஈரம் படாமல் வைக்க. எண் தகட்டைச் சுரண்டாதீர். புது வண்ணம் பூசாதீர். வண்ணம் பூசினால் கருவி புதிதாகும். கை பட்ட தடம் மறையும்.

அன்பர்களே! நம்மிடம் ஜெர்மன் ரம்பமோ சுவீடன் ரம்பமோ இல்லாதிருக்கலாம். ஆனால், பரண்மேல் ஓர் உளி, இழைப்புளி, தறிநாடா, கொத்துக் கரண்டி, தையற்பொறி இருக்கும். நம் முன்னோர் மொழியை நாவிலும் தொழிலைக் கையிலும் ஏந்தி இவ்வூருக்கு வந்தனர். மொழிக்குச் சங்கம் கண்டோம். தொழிலுக்கு ஒரு மேசையேனும் வேண்டாவா? அடுத்த ஆண்டு விழாவில் வீட்டுக்கு ஒரு கருவி கொண்டுவாருங்கள். யாருடையது, எவ்வூரிலிருந்து வந்தது, என்ன வேலை செய்தது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். எழுதும் பணியைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அப்போது அவர்கள் பாட்டனாரிடம் கேட்பார்கள், அவரும் சொல்வார்.

கருவியை எடைக்குப் போடுமுன், ஒருமுறை அதன் கைப்பிடியைப் பற்றிப் பாருங்கள். நான் பற்றிப் பார்க்காமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.